2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர்,
ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர்,
பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் ஆகியோருக்கு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகளில் இருபத்தாறு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் எங்கள் தெருக்களில் தேங்கி நின்றபோது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர், ஐந்து வயது நிரம்பி 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள். அவர்கள் வந்து உட்காரும் நாளில் ஒரு கதையை முழுதாகக் கேட்கும் பொறுமை, பத்துப் புளியங்கொட்டையை எண்ணிப் பிரிக்கும் திறன், வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் சொல்வளம் ஆகியவை எந்த அளவுக்கு அவர்களிடம் இருக்கும் என்பது இந்த ஆண்டுகளில்தான் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அதில் உங்கள் மூன்று அலுவலகங்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அரசு கணக்கெடுத்தது, உதவியும் செய்தது. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு படிந்து பிழைப்பை இழந்த மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், பழுதான படகுகளுக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணத்தில் அரிசி வாங்கிய வீடுகளை நான் அறிவேன். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் எந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தார், எந்த வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தது, எத்தனை நாள் அந்தக் குழந்தை கட்டிலின் மேலேயே உட்கார்ந்திருந்தது, எத்தனை இரவு விளக்கும் மின்விசிறியும் இல்லாமல் கழிந்தன என்ற கேள்விகளுக்கு இடம் இல்லை. படகின் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது, எழுதிக்கொண்டார்கள். குழந்தைக்கு நேர்ந்தது அன்று கண்ணுக்குத் தெரியாது. அது தெரியவருவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். அப்போது அதைப் புயலோடு சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இது என் ஊகம் என்று நீங்கள் எண்ணக் கூடாது என்பதற்காகச் சற்றுத் தொலைவிலிருந்து ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிமழை பெய்து மின்கம்பங்கள் சரிந்தன. முப்பது லட்சம் பேர் கடுங்குளிரில் மின்சாரம் இழந்தார்கள், சில வீடுகளுக்கு அது திரும்ப வர ஐந்து, ஆறு வாரம் ஆயிற்று. சூசன் கிங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அப்போது கருவுற்றிருந்த பெண்களைக் கண்டறிந்து, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் அனுபவித்த இன்னல் கூடக் கூட, இரண்டு வயதில் குழந்தையின் பேச்சும் அறிவுத்திறனும் குறைந்து காணப்பட்டன. ஐந்தரை வயதிலும் அந்த வேறுபாடு மறையவில்லை. இதில் என்னை உலுக்கியது வேறொரு விவரம். தாய் எவ்வளவு மனம் கலங்கினேன் என்று சொன்னாரோ அதைவிட, எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டு எத்தனை முறை இடம்பெயர்ந்தார் போன்ற வெளிப்படையான இன்னல்களே குழந்தையின் அறிவுத்திறனோடு தொடர்பு கொண்டிருந்தன. எங்கள் பெண்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம் என்று அதிகாரிகளும் ஊடகங்களும் பாராட்டுவதுண்டு. தாய் கலங்காமல் நின்றார் என்பதால் மட்டும் வயிற்றில் உள்ள குழந்தை தப்பிவிடாது என்பதே இந்த ஆய்விலிருந்து நான் கற்றது.

வசதியுள்ள நாட்டின் அனுபவம் நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 1997, 1998 ஆண்டுகளில் எல் நினோவால் ஈக்வடாரில் பெருவெள்ளம் வந்தபோது கருவில் இருந்த குழந்தைகள் ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் உயரத்தில் குறைந்திருந்தார்கள். அறிவுத்திறன் தேர்வுகளிலும் பின்தங்கினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வருமானம் நின்றது, சாப்பாடு குறைந்தது, நோய் வந்தது. வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் நாங்கள் பார்க்காத எதுவும் அந்த வரிசையில் இல்லை.

வெள்ளத்தையாவது செய்தியாக்குகிறார்கள். வெயிலைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அது ஆண்டுதோறும் வருகிறது, வந்து மாதக்கணக்கில் தங்குகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் வெப்ப அலை என்று எதை எண்ணுகிறோம்? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கின்படி கடலோர நிலையம் ஒன்றில் பகல் வெப்பநிலை 37 டிகிரியை எட்ட வேண்டும், அது அந்தக் காலத்து இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். சென்னையில் மே மாதத்து இயல்பே 37 டிகிரியை ஒட்டியது. அப்படியானால் 39 டிகிரி வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து உடம்பிலிருந்து வியர்வை ஆறாமல் வழியும் ஒரு நாள் நம் கணக்கில் சாதாரண நாள். இரவைப் பற்றி அந்த வரையறை எதுவும் சொல்வதில்லை. எங்கள் பகுதியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளில் சூடு பகலில் தொடங்கி இரவில்தான் முழுதாக வீட்டுக்குள் இறங்குகிறது. இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் அடுப்பின் பக்கச் சுவர் போலச் சுடும். டேபிள் ஃபேன் அந்தச் சூட்டையே சுழற்றி அடிக்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஏப்ரல் மாதம் முழுக்கக் காலை பத்து மணிக்கெல்லாம் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவளுடைய தங்கை பக்கத்துத் தெருப் பால்வாடியில் அதே நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். தாயை அழைத்துக் கேட்டேன். "ராத்திரி பூரா கொயந்தைங்க ரெண்டும் தூங்கல டீச்சர். இங்கயாவது தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றார். நான் எழுப்பவில்லை. குழந்தை பகலில் கற்றதை மூளை உறக்கத்தில்தான் பதித்து வைக்கிறது என்று பிற்பாடு படித்தபோது, அந்த இரண்டு குழந்தைகளுக்கும் கற்கும் நேரமும் பறிபோனது, கற்றதைப் பதிக்கும் நேரமும் பறிபோனது என்று புரிந்தது.

சிறு குழந்தையின் உடல் வெயிலைத் தாங்கும்படி அமைந்தது அல்ல. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி, அதனால் சுற்றுப்புறச் சூட்டை விரைவாக வாங்கிக்கொள்கிறது. வியர்வை சுரப்பது குறைவு. தாகம் என்று சொல்லவோ எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கவோ முடியாது. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர் மூளையின் ஏறத்தாழ 80 விழுக்காடு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஐந்து வயதை ஒட்டி, உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் சோறு இறங்காமல், உறக்கம் இல்லாமல், வேர்க்குருவும் வயிற்றுப்போக்குமாக ஒரு கோடையைக் கடப்பது வளர்ந்த நாம் ஒரு கோடையைக் கடப்பதற்கு இணையாகாது.

2025 இறுதியில் வெளிவந்த ஓர் ஆய்வு, காம்பியா, ஜார்ஜியா, மடகாஸ்கர், மலாவி, சியரா லியோன், பாலஸ்தீனம் ஆகிய ஆறு இடங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 19,600 பேரின் வளர்ச்சியை அவர்கள் வாழ்ந்த இடத்து வெப்பநிலையோடு சேர்த்துப் பார்த்தது. சராசரி உச்ச வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் இருந்த இடங்களில் வாழ்ந்த குழந்தைகள், 26 டிகிரிக்குக் கீழே வாழ்ந்தவர்களைவிட, எழுத்திலும் எண்ணிலும் அந்த வயதுக்குரிய அடிப்படைத் திறனை எட்டும் வாய்ப்பு 5 முதல் 7 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏழைக் குடும்பங்களிலும், நல்ல தண்ணீர் கிடைக்காத வீடுகளிலும், நகரங்களிலும் பாதிப்பு கூடுதல். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அந்த விழுக்காட்டை அப்படியே பெயர்த்து எங்கள் பிள்ளைகள் மேல் ஒட்டுவது சரியாகாது. ஆனாலும் ஏழைக் குடும்பம், தண்ணீர்த் தட்டுப்பாடு, நெருக்கமான நகரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காட்டு என்று யாரேனும் கேட்டால், மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் எங்கள் தெருவைத்தான் காட்ட வேண்டியிருக்கும். சென்னையில் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை சராசரிப் பகல் உச்சம் 30 டிகிரிக்கு மேல்தான்.

தண்ணீர் கெடும்போது மூளையும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது என்பதை நம் மாநிலத்திலேயே கண்டிருக்கிறார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அந்நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை 2010 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகள் ஐந்து வயதில் அறிவுத்திறனில் பின்தங்குவதை எழுதியிருக்கிறார்கள். வெள்ளத்தில் சாக்கடையும் குடிநீரும் கலப்பதும், கோடையில் குழாய் வற்றிக் கிடைத்த தண்ணீரைக் குடிப்பதும் மீண்டும் மீண்டும் வயிற்றுப்போக்கில்தான் முடிகின்றன. குழந்தையின் வளர்ச்சி குன்றுவதற்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. இதையொட்டி ஒரு சிறு செய்தியும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். ஆனால் வெயில் வந்துவிட்டால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் பால்வாடி டீச்சர்களும் கிராம, நகர்ப்புறச் செவிலியர்களும் வீடு வீடாக இதைச் சொல்ல ஒரு வாரம் ஒதுக்கினாலே பல குழந்தைகள் தப்பும்.

வயிற்றில் இருக்கும் காலத்தையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் வேலைக்குச் செல்லும் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து, வெயிலிலும் சூட்டிலும் வேலை செய்தவர்களுக்குக் கரு தங்காமல் போகும் ஆபத்து இரு மடங்காக இருந்ததை 2024இல் வெளியிட்டார்கள். வெப்பம் கூடினால் குறைமாதப் பிரசவம் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உறுதியானது; குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கற்றலில் தடை வரும் வாய்ப்பு கூடுதல். காசிமேட்டில் மீன் கூடையோடு வெயிலில் உட்காரும் பெண்ணும், ஷெட்டுக்குள் இறால் உரிக்கும் பெண்ணும் எட்டாம் மாதம் வரை வேலையை விடுவதில்லை, விட முடியாது.

இவ்வளவும் எழுதும்போது எனக்குள் ஓர் அச்சம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வட சென்னைப் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்ட ஏற்கெனவே போதுமான முத்திரைகள் இருக்கின்றன. வெயிலாலும் வெள்ளத்தாலும் மூளை மங்கியவர்கள் என்ற முத்திரையும் சேர்ந்துவிடக் கூடாது. ஆய்வுகள் சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியைத்தான். என் முன்னால் வந்து உட்காரும் தனிப்பட்ட குழந்தையைப் பற்றி அவை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. கால்பந்துக்காக வியாசர்பாடியை மினி பிரேசில் என்கிறார்கள். 2024இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், எங்கள் வட சென்னைப் பெண். இந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். அந்தத் திறமையின் வேர் பிடிக்கும் பருவத்தில் தண்ணீரும் உறக்கமும் பேச்சும் குறையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

குறைந்ததை மீட்கவும் முடியும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 1987 ஆண்டுகளில் வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் சென்றார்கள். கையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களோடு, குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, அப்படிக் கவனிக்கப்படாத, அதே நிலையில் இருந்த மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதாவது, ஒரு டீச்சரும் ஒரு தாயும் ஒரு மரக்கரண்டியும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. சூடான அறையில் அந்தப் பேச்சுதான் முதலில் நின்றுபோகிறது என்பதை நான் வகுப்பறையில் ஒவ்வொரு கோடையிலும் பார்த்தேன். புழுக்கத்தில் டீச்சருக்கும் பேச வராது, பிள்ளைக்கும் கேட்க வராது; பாட்டு நிற்கும், கதை சுருங்கும், "சும்மா உக்காரு" என்ற ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பதெல்லாம் பால்வாடியைச் சுற்றியே வருகிறது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய இந்தத் திட்டம் எட்டாத தெரு எங்கள் பகுதியில் அரிது. ஆனால் பல மையங்கள் வாடகை அறையிலோ, காற்று வராத பழைய கட்டடத்திலோ நடக்கின்றன. திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரையுள்ள ஆறு மண்டலங்களிலும் வரும் கோடைக்கு முன் ஒவ்வொரு மையத்துக்குள்ளும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, பகல் ஒரு மணிக்கு என்ன அளவு என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த அறை குழந்தை இருக்கத் தகுதியற்றது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அந்தக் கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கூரையைப் பொறுத்து அறைக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைகிறது என்று இதைச் செய்த ஊர்களில் கண்டிருக்கிறார்கள். தெற்காசியாவில் முதன்முதலாக 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், பிறகு ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கும் இப்படிப் பூச்சு அடித்தது. மின்தடை வந்தாலும் இரண்டு மின்விசிறிகள் ஓடும்படி ஒரு பேட்டரி, மூடி போட்ட குடிநீர்த் தொட்டி, எதிரெதிரே இரண்டு சன்னல்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் கோடிகளுக்கு நடுவே இது பெரிய தொகை ஆகாது.

வெயில் கடுமையானால் மையத்தை மூடிவிடலாம் என்ற யோசனை எளிதாகத் தோன்றும். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். பால்வாடியை மூடினால் குழந்தை எங்கே போகும்? அதைவிடச் சுடும் ஷீட் வீட்டுக்குத்தான் போகும், அதுவும் தாய் வேலைக்குப் போன பிறகு, எட்டு வயது அக்காவின் பொறுப்பில். அன்றைய சாதமும் முட்டையும் போய்விடும். குளிர்ந்த மையத்தைக் கோடையில் மாலை வரை திறந்து வைப்பதும், கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ள தாய்மாரும் பிற்பகலில் வந்து உட்கார்ந்து போக இடம் தருவதும்தான் எங்களுக்கு வேண்டியவை. அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆளும் கூடுதல் ஊதியமும் கொடுத்த பிறகே இதைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே எடை பார்ப்பது, உயரம் அளப்பது, சத்துமாவு கொடுப்பது, செல்பேசிச் செயலியில் பதிவேற்றுவது என்று பால்வாடி டீச்சரின் பொழுது முழுவதும் போய்விடுகிறது. பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்ல அவருக்கு நேரம் மிச்சப்படுத்திக் கொடுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

மழைக்காலத்துக்கு வேறொரு ஏற்பாடு வேண்டும். பள்ளிக்கூடங்களில் நிவாரண முகாம் திறக்கும்போது, ஒரு மூலையில் பாயை விரித்து, பொம்மையும் படப்புத்தகமும் வைத்து, ஒரு பால்வாடி டீச்சரை அங்கே அமர்த்துங்கள். முகாமில் சாப்பாடு வருகிறது, பாய் வருகிறது. பிள்ளையோடு பேச ஆள் வருவதில்லை. தண்ணீர் வடிந்ததும் முதலில் கழுவிக் காயவைத்துத் திறக்க வேண்டிய கட்டடம் பால்வாடி என்று மாநகராட்சியின் பருவமழை முன்னேற்பாட்டுப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, மிக்ஜாம் குழந்தைகள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. அந்த டிசம்பரில் கருவுற்றிருந்த தாய்மாரின் விவரம் பிக்மி என்ற கர்ப்பகாலப் பதிவு எண்ணோடு சுகாதாரத் துறையின் பதிவில் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது மாநகராட்சிக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பெயர்ப்பட்டியல் வந்துவிடும். வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய, 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. இந்தக் குழந்தைகளைப் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் என்று தனியாக ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பின்தங்கியிருப்பவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒருவர் போகட்டும். அந்தப் பட்டியல் சிகிச்சைக்கு மட்டும் பயன்பட வேண்டும், எந்தப் பள்ளிச் சேர்க்கைக்கும் யாரும் அதைக் கேட்கக் கூடாது.

வீடுகளுக்குப் போக ஆள் போதவில்லை என்றால், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதியில் என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் இருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு காலைப் பொழுதுகள் வர நான் அணியமாக இருக்கிறேன், மற்றவர்களிடமும் பேசியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் மூவரில் ஒருவரிடமிருந்தாவது பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
கொருக்குப்பேட்டை, சென்னை.